கோமாளியின் ஒரு ராத்திரி உரிமை

மாசி, பங்குனி வந்துவிட்டால் சேலம், நாமக்கல் மாவட்டக் கிராமங்களின் நாற்சந்திகளில் மாரியம்மன் பண்டிகைக்கான பிளெக்ஸ் போர்டுகள் முளைத்துவிடும். பூச்சாட்டுதல், கம்பம் நடுதல், தீமிதி, பொங்கல், மஞ்சள் நீராட்டு என்று நாள்வாரியாக நிகழ்ச்சிநிரல் இருக்கும். அதில் ராத்திரி நிகழ்ச்சிகளைப் பாருங்கள். ஒரு ராத்திரிக்குத் தெருக்கூத்து. இன்னொரு ராத்திரிக்கு 'டிவி புகழ்' கலைஞர்களின் பல்சுவை நிகழ்ச்சி. கூத்துக் குழுவுக்கு அதன் ஊர்ப்பெயரோடு ஒரே ஒரு வரி. டிவிக்காரர்களுக்கு முகத்தோடு பாதி போர்டு.

இரண்டு ராத்திரியும் ஜனங்கள் சிரிக்கத்தான் போகிறார்கள். சிரிக்க வைக்கிறவருக்கு அந்த மேடையில் என்ன பேச அனுமதி இருக்கிறது என்பதில்தான் வித்தியாசம். தொலைக்காட்சி நகைச்சுவையும் ஸ்டாண்ட்-அப் காமெடியும் இன்று எந்த நிலையில் இருக்கின்றன என்ற பேச்சைச் சென்னையின் ஸ்டூடியோவிலிருந்து தொடங்குவதுதான் வழக்கம். இந்தக் கட்டுரை அதைக் கூத்து நடக்கும் களரியிலிருந்து தொடங்குகிறது.

கூத்தில் முதலில் வருகிறவன் கோமாளி. இரண்டு பேர் திரைத் துணியைப் பிடித்திருக்க, அதற்குப் பின்னால் சலங்கைச் சத்தம் கேட்கும். திரை விலகியதும் பாடி ஆடிவிட்டு மிருதங்கக்காரரிடம் பேச்சுக் கொடுப்பான். ராஜா வருகிறார் என்று சொல்ல வந்தவன், ராஜாவை மறந்துவிட்டு ஊர்க்கதைக்குள் போய்விடுவான். பேச்சு இந்தத் தினுசில் இருக்கும்:

"ஏப்பா கோமாளி, ஊருக்குள்ள சுத்திப் பாத்தியே, ஊரு எப்படி இருக்குது?"

"ஊருக்கென்னங்கண்ணா, தார் ரோடு போட்டாச்சுன்னு போர்டு வெச்சிருக்குதுங்க. எந்தப் பக்கம் போட்டாங்கன்னுதான் சாயங்காலத்திலிருந்து தேடிக்கிட்டிருக்கறனுங்க."

ஊராட்சித் தலைவர் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். ஊரே திரும்பி அவர் முகத்தைப் பார்க்கும். அவரும் சிரித்தாக வேண்டும். முறைத்துக்கொண்டு எழுந்து போனால் அடுத்த பண்டிகை வரைக்கும் ஊர் வாயில் விழ வேண்டியதுதான். கொஞ்ச நேரம் கழித்து அவரே ஆள் மூலமாக 200 ரூபாய் கொடுத்தனுப்புவார். கோமாளி ஆர்மோனியத்தை நிறுத்தச் சொல்லி, அன்பளிப்புக் கொடுத்தவர் பெயரை மைக்கில் சொல்லி வாழ்த்துவான். அந்த வாழ்த்திலும் ஒரு குத்து இருக்கும்.

நல்ல கோமாளி இதற்குத் தயாராகும் விதம் தனி. ராத்திரிக் கூத்துக்கு முன்னதாகவே ஊருக்கு வந்து டீக்கடையில் உட்கார்ந்துகொள்வான். யாருக்கும் யாருக்கும் வரப்புத் தகராறு, எந்த போர்வெல்லில் தண்ணீர் வற்றிவிட்டது, ரேஷன் கடை எத்தனை நாளாகப் பூட்டிக் கிடக்கிறது, எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொள்வான். நடு ராத்திரியில் துரியோதனன் சபையில் அவை ஒவ்வொன்றாக வெளியே வரும். நேற்று அவன் பேசியது நேற்றைய ஊருக்கு. இன்று பேசுவது இன்றைய ஊருக்கு. உலகம் முழுக்க ஸ்டாண்ட்-அப் மேடையில் 'கூட்டத்தோடு பேசுவது' என்று பெரிதாகக் கொண்டாடுகிறார்களே, அந்த வித்தையை விடிய விடியச் செய்துகாட்டிய ஆட்கள் இவர்கள்.

அந்த உரிமைக்கு எல்லையும் இருந்தது. கூத்துக் கலைஞர்களில் பெரும்பாலோர் நிலமில்லாதவர்கள், சாதி அடுக்கில் கீழே வைக்கப்பட்டவர்கள். ராத்திரி தலைவரைக் கேலி செய்த அதே கோமாளி, விடிந்து வேஷம் கலைத்த பிறகு அதே தலைவர் வீட்டு வாசலுக்கு வெளியே நின்றுதான் கூலி வாங்க வேண்டியிருந்தது. பழங்கலையைப் போற்றுகிறவர்கள் இதைச் சொல்லாமல் விடக் கூடாது. மேட்டூர் பக்கத்து ஏர்வாடியிலிருந்து 'மணல்வீடு' இதழை நடத்தும் மு.ஹரிகிருஷ்ணன், இந்த வட்டாரத்துக் கூத்துக் கலைஞர்களின் கலையோடு அவர்களுடைய வாழ்க்கைப் பாட்டையும் சேர்த்தே பல ஆண்டுகளாகப் பதிவு செய்துவருகிறார். ஒரு ராத்திரிக்கு மட்டும் கிடைத்த உரிமைதான் என்றாலும், அந்த ஒரு ராத்திரி ஊரில் யாரும் கேலிக்கு அப்பாற்பட்டவர் இல்லை.

ஏற்காடு சாலையிலிருந்து மயிலாப்பூருக்கு

இந்த மண்ணின் நகைச்சுவை வேறு திசைக்குத் திரும்பியதும் சேலத்தில்தான். திருச்செங்கோட்டுக்காரரான டி.ஆர்.சுந்தரம் 1930களின் நடுவில் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கே எடுக்கப்பட்டன. முதல் மலையாளப் பேசும்படமான 'பாலன்' 1938இல் வந்தது இந்த நிறுவனத்திலிருந்துதான். அதன் ஆரம்பகாலப் படங்களில் ஜனங்களைச் சிரிக்க வைத்தவர்களில் முக்கியமானவர் காளி என்.ரத்தினம். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் நாடகக் கம்பெனியில் எம்.ஜி.ஆர். உள்ளிட்ட சிறுவர்களுக்கு நடிப்புச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் அவர். 1956இல் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமாக 'அலிபாபாவும் 40 திருடர்களும்' வந்தபோது, எம்.ஜி.ஆர்., பானுமதியோடு கே.ஏ.தங்கவேலுவும் வண்ணத்தில் தெரிந்தார்.

நாடக மேடையில் பழகியவர்கள் ஸ்டூடியோ விளக்குக்கு முன்னால் வந்தபோது ஒன்றை விட்டுவிட்டு வர வேண்டியிருந்தது. ராசிபுரத்தில் ஓடும் படமே திருநெல்வேலியிலும் ஓடும், கொழும்பிலும் ஓடும். எந்த ஊரின் தலைவரையும் எந்த ஊரின் ரோட்டையும் பெயர் சொல்லிப் பேச அதில் இடமில்லை. எல்லா ஊருக்கும் பொதுவான கஞ்சன், பொதுவான குடிகாரன், பொதுவான மாமியார் என்று ஆட்கள் உருவானார்கள். சுந்தரம் 1963இல் காலமானார். இன்று ஸ்டூடியோ இருந்த இடத்தில் வீடுகள். அதன் நுழைவு வளைவு மட்டும் சாலையோரம் நிற்கிறது.

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. சேலத்தில் படம் தெளிவாக விழுவதற்கு ஆண்டுகள் பிடித்தன. விழுந்தபோது வந்தது மயிலாப்பூர், மாம்பலத்துச் சபா நாடகங்களின் நகைச்சுவை. எஸ்.வி.சேகரும் கிரேஸி மோகனும் பேசிய அந்த வேகமான சொற்சிலம்பத்தை நம் வீடுகளும் ரசித்தன. அதில் குறை சொல்ல எதுவுமில்லை, நல்ல நகைச்சுவை எந்தத் தெருவிலிருந்து வந்தாலும் நல்லதுதான். ஆனால் பெட்டியில் பேசப்பட்ட தமிழ் நம் வீட்டுத் தமிழ் இல்லை. நம் பக்கத்துப் பேச்சுக்குச் சினிமாதான் கை கொடுத்தது. உடுமலைப்பேட்டைப் பக்கத்திலிருந்து போன கவுண்டமணி திரையில் வாயைத் திறந்தபோதெல்லாம், சங்ககிரி லாரிப் பட்டறையில் மேஸ்திரி உதவியாளைத் திட்டுகிற அதே தாளம் கேட்டது. 'கரகாட்டக்காரன்' (1989) வாழைப்பழக் காட்சியின் வசனம் கல்யாண வீட்டு ஒலிபெருக்கிகளிலும் லாரி கேபின்களிலும் கேட்டுக் கேட்டுத் தேய்ந்தது.

அடுத்தவர் குரலில் கிடைத்த பேர்

1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் ராஜ், விஜய், ஜெயா என்று வரிசை நீண்டது. சினிமாக் காட்சிகளை வெட்டி ஒட்டிய 'காமெடி டைம்' போன்ற நிகழ்ச்சிகளில் தொடங்கி, நாள் முழுக்கப் படக் காமெடி மட்டுமே ஓட்டும் சேனல்கள் வரை வந்துசேர்ந்தோம். அதற்கு நடுவில் 2000களில் நிஜமான ஒரு மாற்றம் நடந்தது. விஜய் டிவியின் 'லொள்ளு சபா' சினிமாவையே கிண்டலடித்தது. அங்கிருந்து சந்தானம் வந்தார். பிறகு 'கலக்கப்போவது யாரு', சன் டிவியில் 'அசத்தப்போவது யாரு'. யாருடைய மகன் என்றோ எந்த சபாவில் நடித்தாய் என்றோ கேட்காத மேடை அவை. கோவை குணா, மதுரை முத்து, ஈரோடு மகேஷ், அறந்தாங்கி நிஷா என்று பேருக்கு முன்னால் ஊரைச் சுமந்துகொண்டு வந்தார்கள். திருச்சியில் இன்ஜினீயரிங் படித்துவிட்டுப் போட்டியாளராக வந்த சிவகார்த்திகேயன் இன்று எந்த உயரத்தில் இருக்கிறார் என்று சொல்ல வேண்டியதில்லை. சிறு ஊர்ப் பையன்களுக்கு அந்த நிகழ்ச்சிகள் திறந்துவிட்ட கதவை யாரும் குறைத்துப் பேசக் கூடாது.

அந்தக் கதவுக்குள் நுழைய என்ன சீட்டுக் கேட்டார்கள் என்பதையும் பேச வேண்டும். பெரும்பாலும் பலகுரல். ரஜினி, எம்.ஆர்.ராதா, ஜனகராஜ், கவுண்டமணி, வடிவேலு, விஜயகாந்த் என்று ஐந்து நிமிடத்துக்குள் பத்துக் குரல் எடுக்க வேண்டும். எழுதியதை நிகழ்ச்சிக் குழு பார்க்கும், வேண்டாததை வெட்டும், நடிக்கும்போது நடுவர் சிரிக்கும் முகத்தை கேமரா பிடிக்கும், பிற்பாடு சத்தம் சேர்ப்பார்கள். நடுவராக இருந்த மதன் பாபின் குலுங்கும் சிரிப்பு, போட்டியாளரின் நகைச்சுவைக்குச் சமமாகப் பேர் வாங்கியது. ஊர்ப்பெயரோடு வந்தவர்கள் ஊர்க்கதையோடு வந்திருக்கலாம். அதற்கு நேரமும் இல்லை, கேட்பாரும் இல்லை. ஆண்கள் புடவை கட்டி வருவது, கறுப்பு நிறத்தையும் பருத்த உடம்பையும் கேலி செய்வது, மனைவியைத் திட்டுவது என்று வாராவாரம் எடுபடுகிற சரக்கு மூன்று நான்குக்குள் சுருங்கிவிட்டது.

இந்தச் சுருக்கத்தை உடைத்தவர்களும் அதே மேடையில் இருந்தார்கள். அறந்தாங்கி நிஷா தன் நிறத்தை அடுத்தவர் கேலி செய்யும் முன் தானே எடுத்துப் பேசி, கேலி செய்கிறவர்களைத் திருப்பி அடித்தார். மதுரை முத்து பெரும்பாலும் தன் பேரிலேயே, தன் குரலிலேயே பேசினார். பட்டிமன்றப் பேச்சின் பழக்கம் இந்த மாதிரி ஆட்களைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன். பட்டிமன்றத்தில் யாரும் யார் குரலிலும் பேச முடியாது.

டிவி சம்பளத்தில் குடும்பம் நடத்தியவர்கள் குறைவு. வருமானம் கோயில் திருவிழா, ஜவுளிக்கடைத் திறப்பு விழா, கல்லூரி ஆண்டுவிழா மேடைகளில்தான். 'டிவி புகழ்' என்ற இரண்டு வார்த்தைக்குத்தான் அங்கே விலை. அந்த வார்த்தை பழசாகும் முன் சம்பாதித்துவிட வேண்டும் என்ற ஓட்டத்தில் வேனிலும் பஸ்ஸிலுமாக ராத்திரிகள் கழிந்தன. வடிவேலுவைப் போலவே பேசிப் புகழ்பெற்ற வடிவேல் பாலாஜி 2020 செப்டம்பரில் இறந்தார். பொதுமுடக்கத்தில் மேடைகளெல்லாம் அடைத்துக் கிடந்த வருடம் அது. கோவை குணா 2023 மார்ச்சில் போனார். மதன் பாபும் ரோபோ சங்கரும் 2025இல் அடுத்தடுத்துப் போனார்கள். உலோகச் சாயத்தை உடம்பெல்லாம் பூசிக்கொண்டு ரோபோ நடனம் ஆடி ஆடிப் பேர் வாங்கிய மனிதர் ரோபோ சங்கர். இவர்கள் ஒவ்வொருவரின் இறப்புச் செய்திக்கும் அடுத்த அரைமணி நேரத்தில் அவர்களுடைய பழைய காமெடித் துண்டுகள் லட்சக்கணக்கான கைப்பேசிகளில் ஓடின. கலைஞர் நலவாரியத்தில் பதிவு, மருத்துவக் காப்பீடு, மறு ஒளிபரப்புக்குப் பங்கு ஆகியவற்றைப் பற்றி அந்த அரைமணி நேரத்தில்கூட யாரும் பேசவில்லை. இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது.

சேலம் என்றதும் இன்னொரு குரலையும் சொல்லியாக வேண்டும். சேலத்தில் உள்ளூர் கேபிள் சேனலாகத் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவியது பாலிமர். அதன் செய்திப் பிரிவு, அடுக்குமொழியும் சினிமா வசனமும் நக்கலும் கலந்து செய்தி வாசிக்கும் ஒரு நடையைப் பரப்பியது. லஞ்சம் வாங்கிப் பிடிபட்டவரையும் போலிச் சாமியாரையும் அந்தக் குரல் வாரும்போது, கோமாளியின் பழைய உரிமை செய்திக்குள் புகுந்துவிட்டதோ என்று தோன்றும். அதே நடை, குடும்பச் சண்டையில் சிக்கிய ஏழைப் பெண்ணின் மீதோ காதலில் ஏமாந்த கூலிக்காரரின் மீதோ திரும்பும்போது மனம் ஒப்பவில்லை. கோமாளி கேலி செய்தது முன்வரிசை நாற்காலியை. தரையில் உட்கார்ந்திருந்தவர்களை அல்ல.

மைக் ஒன்று போதும்

ஸ்டாண்ட்-அப் தமிழ்நாட்டுக்குச் சென்னையின் ஆங்கிலத்தில்தான் வந்தது. கார்த்திக் குமாரும் சுனில் விஷ்ணுவும் 2003இல் தொடங்கிய ஈவம் நாடகக் குழு பிறகு ஸ்டாண்ட்-அப்பையும் வளர்த்தது. அரவிந்த் எஸ்.ஏ.வின் 'மதராசி டா' 2017இல் அமேசான் பிரைமில் வந்தது. 2019இல் அலெக்சாண்டர் பாபுவின் 'அலெக்ஸ் இன் வொண்டர்லேண்ட்', ராமநாதபுரத்துப் பையன் ஒருவன் பாட்டோடு வளர்ந்த கதையைத் தமிழும் ஆங்கிலமுமாகச் சொன்னது. அடுத்த ஆண்டு 'காமிக்ஸ்தான் செம காமெடி பா' என்ற போட்டி முழுக்கத் தமிழுக்கு வந்தது. இதற்குள் யூடியூபில் கோபி, சுதாகரின் 'பரிதாபங்கள்' வீட்டுக்கு வீடு போய்விட்டது. கோவையிலிருந்து 'நக்கலைட்ஸ்' கொங்குப் பேச்சை அப்படியே கைப்பேசிக்குள் கொண்டுவந்தது. எங்கள் பக்கத்துப் பாட்டிகள், தங்கள் பேச்சை ஒரு திரையில் கேலிப்பொருளாக இல்லாமல் இயல்பாகக் கேட்டது அதில்தான் என்று சொல்வேன்.

ஸ்டாண்ட்-அப்புக்கு வேஷம் வேண்டாம், பலகுரல் வேண்டாம், நடுவர் வேண்டாம். மைக் ஒன்று போதும். அதற்கு முன்னால் நிற்கிறவருக்குச் சொந்தமாக ஒரு கதை இருந்தால் போதும். அந்தக் கதைகளுக்கு இந்தச் சமவெளியில் பஞ்சமே இல்லை. திருச்செங்கோட்டிலிருந்து ரிக் வண்டி ஏறி இந்தியா முழுக்கப் பூமியைத் துளைத்துவிட்டு வரும் ஆட்கள், ராஜஸ்தானத்து டாபாவில் சைகையால் சோறு கேட்ட கதையை வைத்திருக்கிறார்கள். கோழி முட்டை விலை தினமும் மாறுகிற ஊர் நாமக்கல். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள், ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலைகள், குகை மாரியம்மன் ஆடிப் பண்டிகையில் சாமி வேஷம் போட்டு வண்டி வேடிக்கையில் நிற்கிற பக்கத்து வீட்டு அண்ணன், எல்லாமே கதைதான்.

அவற்றிலும் பெரிய கதை ஒன்று உண்டு. பிராய்லர் பள்ளி என்று தமிழ்நாடே பேசிய நாமக்கல் விடுதிப் பள்ளிகள். பிளஸ் ஒன் பாடத்தைத் தாண்டிப் பிளஸ் டூ பாடத்தையே இரண்டு வருடம் உருப்போட வைத்து, மாநில ரேங்க் பட்டியலைக் கைப்பற்றிய பள்ளிகள். 2017இல் அரசு ரேங்க் அறிவிப்பை நிறுத்தியது, நீட்டும் வந்தது. அந்தக் காலம் கலைந்தது. அந்த விடுதிகளில் டிவி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் கொண்டுவரும் பிரியாணிப் பொட்டலத்தோடு வெளியுலகம் முடிந்துவிடும். அங்கே வார்டனைப் போலப் பேசிக் காட்டித் தோழர்களைச் சிரிக்க வைத்த ஒரு பையனாவது ஒவ்வொரு அறையிலும் இருந்திருப்பான். அவர்களுக்கு இன்று 25 வயதும் 30 வயதும் ஆகிறது. பெரும்பாலோர் பெங்களூரில் ஐ.டி. வேலையில் இருக்கிறார்கள்.

பெங்களூர் சேலத்திலிருந்து சுமார் 200 கிலோமீட்டர்தான். சென்னையைவிடப் பக்கம். அங்கே தமிழ் ஸ்டாண்ட்-அப் நிகழ்ச்சிகளுக்கு டிக்கெட் வாங்கி உட்கார்ந்து சிரிக்கிற கூட்டத்தில் நம் ஊர்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஓபன் மைக்கில் ஐந்து நிமிடம் நின்று பார்க்கவும் அங்கேதான் இடம் கிடைக்கிறது. இங்கே இருப்பதெல்லாம் கல்யாண மண்டபம், நேரு கலையரங்கம் மாதிரி பெரிய அரங்கம், கல்லூரி ஆடிட்டோரியம். புதிதாகப் பேச வருகிறவர் முதல் பத்து முறை சொதப்பியாக வேண்டும். ஆயிரம் பேருக்கு முன்னால் யாரும் சொதப்பத் துணிய மாட்டார்கள். எண்பது பேர் உட்காரும் ஓர் அறையும் வாரம் ஒரு ராத்திரியும்தான் இந்தக் கலைக்குத் தேவை.

இடம் கிடைத்துவிட்டாலும் இன்னொரு தடை இருக்கிறது. 2022 ஜனவரியில் ஜீ தமிழின் சிறுவர் நிகழ்ச்சி ஒன்றில் 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி' பாணியில் பிள்ளைகள் ஒரு ராஜாவைக் கிண்டலடித்து நடித்தார்கள். பிரதமரைக் கேலி செய்ததாகப் புகார் எழுந்து, மத்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திலிருந்து சேனலுக்கு நோட்டீஸ் வந்தது. ஸ்டாண்ட்-அப் கலைஞர் முனவர் பாருக்கி 2021 ஜனவரி 1 அன்று இந்தூரில் மேடையிலிருந்தே பிடித்துச் செல்லப்பட்டு ஒரு மாதத்துக்கு மேல் சிறையில் இருந்தார். 2025இல் இன்னொரு ஸ்டாண்ட்-அப் கலைஞரான குணால் காம்ரா பேசிய மும்பை அரங்கம் அடித்து நொறுக்கப்பட்டது. இவையெல்லாம் தூரத்துச் சங்கதி என்று நாம் தள்ளிவிட முடியாது. 'மாதொருபாக'னுக்காக எழுத்தாளர் பெருமாள்முருகனை 2015 ஜனவரியில் நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்துப் பேச்சுவார்த்தையில் உட்கார வைத்து மன்னிப்புக் கேட்க வைத்தது இந்த ஊர். எழுதுவதையே நிறுத்துவதாக அவர் அறிவித்தார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்த பிறகே மீண்டார். அது நாவல், நகைச்சுவை இல்லை. ஆனாலும் சாதி, சாமி, தலைவர் ஆகிய மூன்றையும் தொடக் கூடாது என்ற பாடத்தை மைக் பிடிக்க நினைத்த ஒவ்வொரு இளைஞரும் அதிலிருந்து படித்துக்கொண்டார். மூன்றையும் தொடாமல் நம் ஊரைப் பற்றி என்ன பேசுவது?

கூத்துக்கே இப்போது நெருக்கடி. ராத்திரி 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000இல் வந்த ஒலி மாசு விதி. வருடத்தில் சில நாட்களுக்கு மட்டும் 12 மணி வரை அரசு தளர்த்தலாம். விடிய விடிய நடக்க வேண்டிய கூத்தைப் பல ஊர்களில் அனுமதிக்காகக் காவல் நிலையத்துக்கு நடந்து நடந்து பாதியாகக் குறைத்துவிட்டார்கள். அப்படிக் குறைக்கும்போது முதலில் வெட்டுப்படுவது கோமாளியின் பேச்சு. கதைக்கு அவசியமில்லை என்று கணக்கு.

அந்தப் பேச்சுக்கு நம் கல்லூரிகள் இடம் தரலாம். சேலம், நாமக்கல் கல்லூரிகள் ஆண்டுவிழாவுக்கு டிவி முகங்களைப் பெரும் பணம் கொடுத்து அழைக்கின்றன. அழைக்கட்டும், அவர்களுக்கும் வருமானம் வேண்டும். அதே மேடையில், அவர்களுக்கு முன்பாக, தம் மாணவர்களில் இரண்டு பேருக்குப் பத்துப் பத்து நிமிடம் கொடுக்கலாம். நடிகர் குரல் எதுவும் எடுக்கக் கூடாது, சொந்தக் கதையை வீட்டில் பேசுகிற பேச்சில் சொல்ல வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு. கல்லூரி முதல்வரைப் பற்றியும் அதில் ஒரு வரி வரலாம். அன்றைக்கு அவர் முன்வரிசையில் உட்கார்ந்து சிரிக்க வேண்டும். விழா முடிந்த மறுநாள் அந்த மாணவரை அறைக்குக் கூப்பிட்டு விளக்கம் கேட்கக் கூடாது.